வேலை பார்க்கும் முன் பஸ்ஸைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் தேனைப் பாட்டிலில் அடைத்து விற்கும் ஒரு சின்ன இடத்தில் என் மாணவன் ஒருவனுக்கு வேலைப் பயிற்சி கிடைத்தது. பாட்டில் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும். அவனுக்கு அறிவுசார் குறைபாடு, அப்போது வயது 17. கோணாமல் லேபிள் ஒட்டுவதில் அவனை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. ஏழாவது வாரம் அவன் வரவில்லை. வேலை பிடிக்காமல் இல்லை, கொண்டுவிட ஆள் இல்லை. அவன் அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், பருப்பு உடைக்கிறவர். காலையில் மகனை பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டுத் திரும்பினால், தன் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். ஆறு வாரம் பொறுத்தார்கள், அப்புறம் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மகனுக்குப் பயிற்சி கொடுக்கப் போய், அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே கூலியை நிறுத்திவிட்டோம். இடம் பிடித்துக் கொடுத்தவள் நான். வழியைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்த்திருந்தேன்.

தக்கலைப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் 14 ஆண்டுகளாகப் பெரிய பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குகிறேன். அந்தத் தேன் கடைக்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கு வேலை தேடினாலும் முதலில் பஸ்ஸைத்தான் தேடுகிறேன். எப்படித் தேடுகிறேன், எப்படிப் பழக்குகிறேன் என்பதை மற்ற ஆசிரியர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் எழுதி வைக்கிறேன்.

முதலில் வழி

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் பிள்ளையின் வீட்டைப் போடுங்கள். பக்கத்து பஸ் ஸ்டாப்பை, நடந்து போகும் நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். அந்த ஸ்டாப்பில் எந்தெந்த பஸ் வரும், எத்தனை மணிக்கு வரும் என்று அங்கே இரண்டு நாள் நின்று குறியுங்கள். பேப்பரில் இருக்கும் நேரம் வேறு, வண்டி வரும் நேரம் வேறு. அதன் பிறகு அந்த பஸ்கள் போகும் ரோட்டில் என்னென்ன கடை, பேக்கரி, அச்சகம், நாற்றுப்பண்ணை, தையல் இடம் இருக்கிறது என்று பாருங்கள். வேலை அந்தக் கோட்டின் மேல் இருக்க வேண்டும்.

என் விதி இது: முதல் வேலை ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்க வேண்டும். நடுவில் இறங்கி வேறு பஸ் மாறுகிற இடத்தை, எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும், முதல் வருடம் எடுக்கமாட்டேன். கூட்டமான ஒரு பஸ் ஸ்டாண்டுக்குள் இறங்கி அடுத்த வண்டியைத் தேடுவது, எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கே சில நாள் தடுமாற்றம்தான்.

அடுத்தது ரோட்டைத் தாண்டுவது. போகும்போது இல்லையென்றால் வரும்போது, ஒரு தடவையாவது பிள்ளை ரோட்டின் எதிர்ப்பக்கம் வந்தே ஆகவேண்டும். பலர் காலைப் பயணத்தை மட்டும் பார்த்துவிட்டு, பஸ் வாசலில் நிற்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். சாயங்காலம் அதே பிள்ளை நாகர்கோவில்–திருவனந்தபுரம் நெடுஞ்சாலையை ஒற்றையாகத் தாண்ட வேண்டியிருக்கும். டிப்பர் லாரிகளும் எக்ஸ்பிரஸ் வண்டிகளும் பாய்கிற ரோடு அது. அதனால் தாண்டுகிற இடம் வேலை செய்யும் கடையின் முன்னால் வருகிறதா, வீட்டுப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கடை முன்னால் வந்தால் அங்கிருந்து ஒருவர் இறங்கி வந்து கைபிடித்துத் தாண்டிவிட முடியும். வீட்டுப் பக்கம் வந்தால், அந்த நேரத்துக்கு ரோட்டோரம் நிற்கக்கூடியவர் யார் என்று கண்டுபிடித்த பிறகுதான் அந்த இடத்துக்குச் சரி சொல்லுவேன்.

வேலை நேரத்தையும் கடைக்காரரிடம் பேசி வாங்குங்கள். 10 மணிக்குத் தொடங்கி 2.30-க்கு முடிகிற மாதிரி கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. காலை 8-லிருந்து 9.30 வரை பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் படியில் தொங்குகிற நேரம். சாயங்காலம் 4 மணிக்கு மேல் மறுபடியும் அதே நெரிசல். இடையில் பஸ் காலியாக வரும், கண்டக்டருக்கும் நம் பிள்ளையின் முகத்தைப் பார்க்க நேரம் இருக்கும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. பள்ளி வேன் காலை நடையை முடித்துவிட்டு 10-லிருந்து 3 வரை சும்மாதான் நிற்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வேனைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். டீசல் செலவு மட்டும் கூடுதல், டிரைவர் ஏற்கெனவே சம்பளத்தில் இருப்பவர்.

காகிதங்கள்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், ஆனால் முதலிலேயே முடித்து வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும், தனித்துவ அடையாள எண் உள்ள யு.டி.ஐ.டி. அட்டையும் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை, கூட வரும் துணையாளர் ஒருவருக்கும் இல்லை. அட்டையைக் காட்டினால் போதும். மற்ற அரசு பஸ்களில் பள்ளிக்கோ பயிற்சி இடத்துக்கோ தினமும் போய்வர இலவச பாஸ் இருக்கிறது. நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் வீடு, பள்ளி என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். வேலைப் பயிற்சி நடக்கும் இடத்தின் பெயரும் ஊரும் வர வேண்டும். அந்தக் கடைக்காரரிடமிருந்து ஒரு கடிதமும் பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் சேர்த்து வையுங்கள்.

தனியார் மினி பஸ்ஸில் இது எதுவும் செல்லாது, காசு கொடுக்க வேண்டும். மார்த்தாண்டம், களியக்காவிளை வழியில் வரும் கேரள அரசு பஸ்ஸிலும் நம் பாஸ் செல்லாது. நிறம் வேறாக இருப்பதால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. ரயிலில் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணையாளருக்கும் சலுகை உண்டு, சீசன் டிக்கெட் பாதி விலைதான். ஆனால் இரணியல், குழித்துறை ஸ்டேஷன்கள் கடைத்தெருவை விட்டுத் தள்ளி இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அது அதிகம் உதவியதில்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் போக்குவரத்து வசதி தரவேண்டும் என்கிறது. அதிக உதவி தேவைப்படும் பிள்ளையின் துணையாளரையும் அதில் சேர்த்திருக்கிறது. 19-ஆம் பிரிவு தொழிற்பயிற்சியைப் பற்றியது. வேனுக்கு உதவி கேட்டு யாருக்கு மனு எழுதினாலும் இந்த இரண்டு எண்களையும் எழுதுகிறேன். அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் பயணப் பயிற்சி என்றே ஒரு சொல் இருக்கிறது, அங்கே அது பாடத்தில் சேர்த்தி. 16 வயது ஆகும்போது பிள்ளையின் கல்வித் திட்டத்தில் வேலைக்கான இலக்குகளும் எழுதியாக வேண்டும். அதைப் படித்த பிறகு நானும் எங்கள் பிள்ளைகளின் ஆண்டுத் திட்டத்தில் 'தை மாதத்துக்குள் தன் பஸ்ஸைத் தானே கண்டுபிடித்துக் கை காட்டுவான்' என்று எழுதத் தொடங்கினேன். எழுதி வைத்தால்தான் அதற்கு நேரம் ஒதுக்குவார்கள்.

பயணத்தைத் துண்டு துண்டாக உடைப்பது

நமக்கு பஸ்ஸில் போவது ஒரே வேலை. பிள்ளைக்கு அது இருபது வேலை. அந்தத் தேன் கடை மாணவனைப் பிறகு இரண்டாவது முறை பயிற்சிக்குச் சேர்த்தபோது, அழகியமண்டபத்திலிருந்து மார்த்தாண்டம் போக அவனுக்கு நான் எழுதியது 22 படிகள். ரோட்டோரமாக முக்கு வரை நடப்பது, ஸ்டாப்பில் கம்பத்தின் பக்கத்தில் நிற்பது, போர்டைப் பார்ப்பது, கை காட்டுவது, பஸ் தள்ளிப்போய் நின்றாலும் ஓடாமல் நடப்பது, இறங்குகிறவர்களை இறங்க விடுவது, கம்பியைப் பிடித்து ஏறுவது, ஆண்கள் பக்கம் உட்கார்வது, அட்டையை நீட்டுவது, டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைப்பது என்று போகும். ஒவ்வொரு படிக்கும் நேராகத் தேதி போட்டு, தானாகச் செய்தானா, சொன்ன பிறகு செய்தானா, கைபிடித்துச் செய்தானா என்று குறியுங்கள். இரண்டு வாரத்தில் எந்தப் படி தடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசிப் படியிலிருந்து பழக்குங்கள். முதல் வாரம் முழுப் பயணமும் நான் கூடவே போவேன். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடை வாசல் வரை நடப்பதை மட்டும் அவன் தனியாகச் செய்வான், நான் ஸ்டாப்பிலேயே நிற்பேன். கடைக்குள் நுழைந்ததும் அங்கே எல்லாரும் 'வா மக்கா' என்று கூப்பிடுவார்கள். தனியாக வந்து சேர்ந்தோம் என்ற அந்தச் சந்தோஷம்தான் அடுத்த படிக்கு அவனைத் தள்ளும். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதி வழியிலேயே நாம் கையை எடுத்துக்கொள்ள வேண்டிவரும், அங்கே பயம்தான் மிஞ்சும்.

போர்டு வாசிப்பதில்தான் அதிக நாள் போகும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தக்கலை வழியும் உண்டு, கருங்கல், திங்கள்நகர் வழியும் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் அடையாளம் தெரிந்த பிள்ளை தவறான வண்டியில் ஏறிவிடும். உங்கள் ஸ்டாப்பில் நின்று சரியான பஸ்ஸின் போர்டை முன்பக்கத்தோடு போனில் படம் எடுங்கள். அதைப் பெரிதாக அச்சடித்து, தவறான பஸ் படங்களோடு கலந்துபோட்டு வகுப்பில் விளையாட்டாகப் பொறுக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளையும் சொல்லின் உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏறும் முன் 'அழகியமண்டபம் போகுமா அண்ணே' என்று கேட்கவும் பழக்குங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு, ஊர்ப்பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். அந்த அட்டையின் வெளிப்பக்கத்தில் பிள்ளையின் பெயரோ வீட்டு விலாசமோ வேண்டாம், போன் எண் மட்டும் உள்பக்கம் இருக்கட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் எல்லாரும் தெரிந்தவர் என்று நம் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

இறங்குமிடத்துக்கு இரண்டு அடையாளம் வையுங்கள். ஒன்று 'தயாராகு', இன்னொன்று 'எழுந்து நில்'. அந்த மாணவனுக்குப் பம்மத்தில் மேம்பாலம் தொடங்குவது இரண்டாவது அடையாளம். கடைப் பெயரையும் விளம்பரப் பலகையையும் அடையாளமாக வைக்காதீர்கள், அவை மாறிப்போகும். கோவில், குருசடி (சிலுவை வைத்த சின்ன ஆலயம்), பாலம், குளம் மாறுவதில்லை. பாலத்தின் மேலே ஏறிப் போகிற வண்டி கீழே கடைத்தெருவில் நிற்காது என்பதையும் அங்கே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

விலகும் முறை இது. பக்கத்து சீட்டில் இருந்தேன். பிறகு இரண்டு சீட் பின்னால். பிறகு பின் படியில் ஏறி, அவன் கண்ணில் படாமல். பிறகு என் சக பணியாளர் ஸ்கூட்டரில் பஸ்ஸின் பின்னால். அதற்கு அடுத்து, அவனுக்கு முகம் தெரியாத ஒரு தோழியை அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், யாரையும் எதிர்பார்க்காதபோது என்ன செய்கிறான் என்று அவள் பார்த்துச் சொன்னாள். கடைசியில் வீட்டில் ஏறியதும் ஒரு போன், கடையில் இறங்கியதும் ஒரு போன். இந்த ஒரு பிள்ளைக்கு நான்கு மாதம் ஆனது. இன்னொரு பெண்ணுக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது. ஒரு மாணவனால் இன்றுவரை தனியாகப் போக முடியவில்லை, அவன் தன் பாட்டியோடு போய்வருகிறான். துணையோடு வேலைக்குப் போவதும் வேலைக்குப் போவதுதான், அவனை நிறுத்தக் கூடாது.

மழை, குடை, திருவிழா

நம் மாவட்டத்துக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அதனால் குடையைத் தனிப்பாடமாக எடுக்க வேண்டும். விரித்த குடையோடு பஸ் படியில் ஏறப்பார்த்து வாசலில் சிக்கி நின்ற பிள்ளையைப் பார்த்து, உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவன் அழுதுவிட்டான், பிறகு இரண்டு வாரம் பஸ் பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு பள்ளி வராந்தாப் படியில் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்து, படி ஏறும் முன் குடையை மடக்குவது, ஒரு கையில் கம்பி, மறுகையில் குடை என்று தினமும் பழக்கினோம். மடக்கத் தெரியாத பிள்ளைக்குத் தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது.

காலண்டரையும் பாருங்கள். மாசியில் மண்டைக்காடு கொடை, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், சிவராத்திரிக்குப் பக்தர்கள் சிவன் கோவில்களுக்கு ஓடியே போகும் சிவாலய ஓட்டம். இந்த நாட்களில் பஸ்கள் நெரியும், சில வழி மாறும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் சிவராத்திரி அன்று ரோடு முழுக்க ஓட்டக்காரர்கள் இருப்பார்கள். அந்த நாட்களுக்குக் கடைக்காரரிடம் முன்பே விடுமுறை சொல்லிவிடுங்கள். பந்த் அறிவித்தால் முந்தைய இரவே பிள்ளைக்குச் சொல்லுங்கள். காலையில் சொன்னால், கிளம்பி நின்ற பிள்ளைக்கு அது பெரிய வேதனை.

பஸ் வராவிட்டால் என்ன செய்வது என்பதும் ஒரு பாடம். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு, எண் காட்டும் கடிகாரத்தைக் கையில் கட்டி, '10:15' என்று எழுதிய அட்டையைக் கொடுங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் ஸ்டாப்பின் எதிரில் இருக்கும் சாயாக்கடைக்குப் போய், அங்கிருந்து டீச்சருக்குப் போன் செய்ய வேண்டும். அந்தச் சாயாக்கடைக்காரரிடம் நீங்களே போய்ப் பேசியிருக்க வேண்டும். பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒரு தடவை பிள்ளையைக் கூட்டிப்போய் எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். கண்டக்டர்கள் ஷிப்ட் மாறுவார்கள், ஆகவே டெப்போ கிளை மேலாளரைப் பார்த்து, பிள்ளையின் பயண நேரத்தைக் கடிதமாகக் கொடுங்கள். ஸ்டாப்பைத் தாண்டாமல் ஸ்டாப்பிலேயே நிறுத்துங்கள், இறக்கிவிடும் முன் ஊர்ப்பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். பத்துக் கேட்டால் ஒன்றும் நடக்காது.

லிப்ட்டும் பாதுகாப்பும்

நம் ஊரில் நல்ல மனது அதிகம். நடந்து போகிற பிள்ளையைப் பார்த்தால் 'வா மக்கா, ஏறு' என்று பைக்கை நிறுத்துவார்கள். பக்கத்து வீட்டு மாமா ஒருவர் இப்படி அன்போடு ஏற்றிக்கொண்டு போய், தனக்கு வசதியான முக்கில் இறக்கிவிட்டார். அந்த இடம் மாணவனின் 22 படிகளில் இல்லை. மூன்று மணி நேரம் அவன் அங்கேயே நின்றான். லிப்ட் வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்வதோடு, தெருவில் இருக்கும் பெரியவர்களிடமும் போய்ச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இதை இன்னும் அழுத்தமாகப் பழக்க வேண்டும். முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்காருவது, யாராவது தொட்டால் 'தொடாதே' என்று கத்துவது, கண்டக்டர் பக்கத்தில் போய் நிற்பது, வீட்டில் வந்து சொல்வது. பேச்சு வராத பெண்ணுக்கு ஒரு விசில் போதும். 18 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வலிப்பு வரும் பிள்ளையாக இருந்தால், மாத்திரை போட்டு வந்ததா என்று காலையில் கேட்காமல் பஸ் ஏற்றாதீர்கள். கழுத்து அட்டையின் பின்புறம் இப்படி எழுதுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் சாவி திணிக்காதீர்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. சாவிக்கொத்தோடு ஓடி வருகிறவர்கள் உதவத்தான் வருகிறார்கள். அட்டையில் எழுதியிருந்தால் அதைப் படித்துவிட்டுச் செய்வார்கள்.

காசுக் கணக்கு

பயிற்சிக் காலத்தில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கொடுத்தார்கள். ஆட்டோவுக்குப் போக வர 160. அப்பா மூன்று நாள் கொடுத்தார், நான்காம் நாள் என்னிடம் கணக்குக் கேட்டார், அவர் கேட்டது நியாயம். ஆட்டோ தேவைப்பட்டால் ஒரே வழியில் மூன்று பிள்ளைகளைச் சேர்த்து, ஒரே டிரைவரிடம் மாதக் கணக்காகப் பேசுங்கள். மடக்கும் சக்கர நாற்காலி பின்னால் ஏறுகிறதா என்று முதலில் ஏற்றிப் பாருங்கள். கால்கள் பாதித்து, 18 வயது நிரம்பி, ஓட்டும் திறன் இருக்கிறவர்கள் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

தனியாகப் போகத் தொடங்கிய பிறகும் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு நாள், சொல்லாமல் அதே பஸ்ஸில் ஏறுங்கள். அந்தத் தேன் கடை மாணவனை இரண்டாவது முறை சேர்த்தபோது அப்படித்தான் ஒரு நாள் பின் சீட்டில் இருந்தேன். பம்மம் வந்ததும் எழுந்து நின்றான், பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியின் பையை வாங்கிக் கீழே இறக்கிக் கொடுத்தான். அது என் 22 படிகளில் இல்லை. 23-ஆகச் சேர்த்து எழுதிக்கொண்டேன். ஜூனில் பள்ளி திறக்கும்போது பஸ் நேரம் மாறியிருக்கிறதா என்று ஸ்டாப்பில் மறுபடி ஒரு நாள் நின்று பாருங்கள், போனில் ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்பதையும்.